நூற்று நாற்பத்து மூன்று பேர்

9 பெப்ரவரி 1988, செவ்வாய்

லைப்ரரிப் பெட்டையிடம் இன்று பொய் சொன்னேன். மகனுடைய பள்ளிக்கூடப் பாடத்துக்கு என்றேன். எனக்குப் பிள்ளை இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அமெரிக்க ஊர் ஒன்றின் விபரம் கேட்டால் வேறு என்னத்தைச் சொல்வது?

உண்மை இதுதான். தம்பி கஸ்பரைக் கனடாவுக்குக் கொண்டுபோகிறேன் என்ற ஏஜென்சிக்காரன், வட டக்கோட்டாவில் ஹல்ஸ்டன் என்ற இடத்தில், ஆளில்லாத பண்ணை வீடொன்றில் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளில் வருகிறேன் என்றவன். இன்றோடு ஆறு நாள்.

பெட்டை தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து வாசித்தாள். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம், பலகை மாதிரித் தட்டை. மலை இல்லை, காடு இல்லை. ஒரு சின்ன ஆறு. கனடா எல்லைக்குப் பதினொரு மைல். சனம் நூற்று நாற்பத்து மூன்று. இரண்டு தரம் கேட்டேன். இங்கே செவன் கிங்ஸில் எங்கள் தெருவிலேயே அதைவிடக் கூடச் சனம்.

ஒளிய ஒரு மரம்கூட இல்லை.

10, புதன்

இவர் ஆறுதல் சொல்கிறார். "சனம் குறைவெண்டால் பொலிசும் குறைவுதானே, எமில்டா."

"என்ர ராசா, அவ்வளவு பேர்தான் எண்டால் அவ்வளவு பேரும் பொலிஸ்தான். எங்கட ஊர் பேசாலையில நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டு, சைக்கிளால இறங்க முதலே உங்கட சம்பளம் எங்களுக்குத் தெரியும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

12, வெள்ளி

தம்பியிடமிருந்து போன் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு இருக்கிறதோ என்று கேட்காமல் விட்டுவிட்டேனே.

14, ஞாயிறு

தம்பி ஒரு பெற்றோல் ஷெட்டிலிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, பூசைக்குப் போனனான்."

"ஒருத்தருக்கும் முகம் காட்டாத எண்டு சொன்னதெல்லோ?"

"ஞாயிற்றுக்கிழமை அக்கா. கடைசி வாங்கிலதான் இருந்தனான். சப்பாத்தாலதான் பிழைச்சுப் போச்சு."

ஊரில் செய்வதுபோலத் தேவாலய வாசலில் கழற்றி வைத்திருக்கிறான். பனிக்குள். பூசை முடிந்து வந்த சனம் அந்த ஒரு சோடியைச் சுற்றி நின்று பார்த்ததாம்.

"உனக்கு மண்டைக்குள்ள ஒண்டும் இல்லையோடா?"

"கோயிலுக்குள்ள சப்பாத்தோட போகச் சொல்லுறியோ?"

நான் இங்கே ஆறு வருடமாக அப்படித்தான் போகிறேன். அதைச் சொல்லவில்லை.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டானாம். பனியில் ஓடினால் அடித்தடம் வீடு வரைக்கும் கிடக்குமே. அதுவும் தட்டை நிலம். மாதாவே.

16, செவ்வாய்

தம்பி திரும்பப் போன் எடுத்தான். தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தே விட்டார்கள். பொலிஸ் இல்லை, கோயிலில் பூசை வைத்த சுவாமியும் ஒரு கிழவனும். சூப் கொண்டு வந்தார்களாம். நாளைக்குக் கிழவன் தன் வான் வண்டியில் எல்லைக்குக் கொண்டுபோவானாம்; அங்கே கனடாக்காரரிடம் நேரே அகதி என்று சொல்லட்டுமாம்.

"ஏஜென்சிக்காரன் காத்திருக்கச் சொன்னவன். இவையோட போகட்டோ, அக்கா?"

எல்லைக்கா கொண்டுபோவான், பொலிசுக்கா? எனக்கு என்ன தெரியும்? புத்தகத்தில் சனத்தின் தொகை இருந்தது, குணம் இல்லை. அவன் போனில் போட்ட சில்லறை முடியப்போகிற சத்தம் கேட்டது.

"போ," என்றேன்.

சொன்னது நான். பிடித்துக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கினால், அங்கே அவனை — வேண்டாம், எழுதமாட்டேன்.

17, விபூதிப் புதன்

ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். நெற்றியில் சாம்பலோடு போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அடிக்கவில்லை.

18, வியாழன்

பின்னேரம் மூன்றரைக்கு அடித்தது. ஆண் குரல், ஆங்கிலம், ஒபரேட்டராம். கஸ்பர் என்பவர் கனடாவிலிருந்து அழைக்கிறார், செலவை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டான். அதிகாரிமார் யாரும் தம்பியைப் பற்றி விசாரித்தால் சொல்வதற்கென்று ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். அதுவே வாயில் வந்துவிட்டது. அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"ஆரப்பா?" என்றார் இவர்.

"கனடா," என்றேன்.