முன் சக்கரத்தில் நான் தடவிய எண்ணெய்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

காலையில் மேகமூட்டம், பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

பூஜைக்கு இருந்தவர்கள்: இவர், நான், மகள் பவித்ரா, இவர் தம்பி தயாளன், தயாளன் மனைவி சரசு. ஆக ஐந்து பேர். கீழ்வீட்டு டீச்சர் சுண்டல் வாங்க மட்டும் வந்தார், கணக்கில் சேர்க்கவில்லை.

பூஜையில் வைத்தவை: அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், தையல் மிஷின், பவித்ராவின் புத்தகங்கள். வாசலில் வண்டி.

வண்டி ஆவணியில் வாங்கியது. செகண்ட் ஹேண்ட். எங்கள் வீட்டில் அதற்கு முதல் பூஜை. ஓட்டுவது இவர், பார்த்துக்கொள்வது நான். வெள்ளிக்கிழமைதோறும் டயர் காற்று, செயின் தொய்வு, லைட், ஹாரன் பார்த்து வண்டி நோட்டில் எழுதிவிடுவேன். இன்று கி.மீ. 31,846. திங்களன்றுதான் சலீம் பாய் கடையில் முழு சர்வீஸ். முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு போர்க் குழாயிலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் மாற்றிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கே எழுந்து வண்டியைக் கழுவினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பழைய வண்டியில் இல்லாத டிஸ்க் பிரேக் இதில் முன்னால் இருக்கிறது, ஓட்டை ஓட்டையாய் ஒரு இரும்புத் தட்டு. லேசாகத் துரு. அம்மா வீட்டு வழக்கம், பூஜைக்கு வைக்கும் இரும்புக்கெல்லாம் எண்ணெய் பூசித் துடைத்த பிறகுதான் பொட்டு. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் துணியை நனைத்துத் தட்டின் இரண்டு பக்கமும் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அந்த அழகு போக வேண்டாம் என்று அதில் மட்டும் பொட்டு வைக்கவில்லை.

தயாளன்: "ஹெட்லைட்டுக்கு இம்மாம்பெரிய பொட்டா? வண்டிக்கு நிச்சயதார்த்தமா அண்ணி?"

சுண்டலில் உப்பு கம்மி. யாரும் சொல்லவில்லை, நானே சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அக். 2, வியாழன்.

விஜயதசமி. இவர் வேலை பார்க்கும் உரக்கடை லீவு. வண்டி எடுக்கவில்லை. பவித்ரா நாள் முழுக்க போன்.

அக். 3, வெள்ளி.

மழை இல்லை. ரோடு காய்ந்துதான் இருந்தது. இதை எழுதி வைக்க வேண்டும், ரோட்டின் மேல் பழி போட முடியாது.

8.20க்கு இவர் கிளம்பினார். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வேலை. ஹெல்மெட் வார் மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கேட்டைத் திறந்தேன். 9.05க்கு போன். தெரியாத குரல். "அம்மா, பதட்டப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணுமில்ல."

உயிருக்கு என்று சொல்லி ஆரம்பித்தால் எப்படிப் பதட்டப்படாமல் இருப்பது.

ஜி.எச். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைக்க வேண்டுமாம். தலைக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறல்.

இவர் சொன்னது: "ஆடு குறுக்க வந்துச்சு. முன் பிரேக்கப் புடிச்சேன், கைப்பிடி அழுந்துது, வண்டி நிக்கல. பின் பிரேக்க மெரிச்சேன், அப்படியே இழுத்துக்கினு போயிருச்சு." ஊருக்குள் எப்போதும் பின் பிரேக்தான் பிடிப்பார். முன் பிரேக்கை அவசரத்துக்கு மட்டும்தான் தொடுவார். அந்த அவசரம் இன்று.

மதியம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவள், அகராதி வைத்துக்கொண்டு தினம் அரைப் பக்கம் படிப்பேன். செயின், டயர், என்ஜின் ஆயில் முடித்திருந்தேன். பிரேக் இன்னும் வரவில்லை. இன்று நேராக அந்தப் பக்கம். கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது: டிஸ்க்கில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது.

மூன்று தரம் படித்தேன். அகராதி தேவைப்படவில்லை.

நான்தான். ஆடு இல்லை, ரோடு இல்லை, இவர் இல்லை. நான்தான் காலை உடைத்தேன்.

துணியை மறந்து வெறும் பையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அக். 4, சனி.

புழுக்கம். தயாளன் வண்டியை மினி லாரியில் ஏற்றி வந்தான். இறக்கும்போது இருந்தவர்கள்: தயாளன், லாரி டிரைவர், நான். தயாளன் போன் போட்டு வரவழைத்த சலீம் பாய்.

தயாளன்: "வா பாய். சர்வீஸ் பண்ணி ஒரு வாரம் ஆவல. நீ பிரேக்கு மாட்டுனியா, பொம்ம மாட்டுனியா?"

பாய் லுங்கியை மடித்து உட்கார்ந்தார். டிஸ்க்கில் விரல் வைத்தார். தேய்த்துப் பார்த்தார். மேலே போர்க் குழாயைத் தடவினார். விழுந்ததில் போர்க் வளைந்து, அதிலும் நிஜமாகவே எண்ணெய் வழிந்திருந்தது. ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து எது எந்த எண்ணெய் என்று தெரியாமல் கறுப்பாக இருந்தது.

"நான் போட்ட சீலு சரியா ஒக்காரல போலகீது தம்பி. மேலேர்ந்து எறங்கி டிஸ்க்குல பட்டுகீது. என் தப்புதான்."

"பாத்தீங்களா அண்ணி? அவரே ஒத்துக்கினாரு!"

பாய் என்னைப் பார்த்தார். "இருவத்தெட்டு வருஷம்மா. ஒரு வண்டி இப்படி ஆனதில்ல."

நான் வாயைத் திறந்தேன். "காப்பி சாப்பிடுறீங்களா பாய்" என்று வந்தது.

"வேணாம்மா. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு குடிக்கிறது."

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

அக். 5, ஞாயிறு.

பாய் வார்டுக்கு வந்தார். ஒரு பை சாத்துக்குடி. இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர், "விடுங்க பாய், வேணும்னேவா பண்ணீங்க" என்றார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. நான் டம்ளர் கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். டம்ளர் ஏற்கெனவே கழுவியிருந்தது.

தயாளன் பாய் மேல் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் தடுத்திருப்பேனா.

சாயங்காலம் பாய் கடை வழியாக நடந்து வந்தேன். வாசலில் ஏழெட்டு வண்டி, எல்லாவற்றுக்கும் முன் சக்கரம் கழற்றியிருந்தது. தான் சீல் மாற்றிய வண்டிகளையெல்லாம் போன் போட்டு வரவழைத்துப் பிரித்துப் பார்க்கிறாராம். எந்த வண்டியிலும் கசிவு இல்லை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "எல்லாம் சரியாத்தான் கீது. அப்ப அந்த ஒண்ணுல மட்டும் என் கை என்னா பண்ணுச்சுனே தெரியலயே."

ஒருவர் பிரேக் வேலைக்கு வந்தார். பாய் அவரை வேறு கடைக்கு அனுப்பிவிட்டார்.

என்னைப் பார்த்துவிட்டு, "சாருக்கு எப்டிமா கீது?" என்றார். பரவாயில்லை என்றேன்.

வண்டி நோட்டில் எழுதியது:
டிஸ்க்கைத் துடைக்க ஈரத்துணி மட்டும். எண்ணெய், மெழுகு, கிரீஸ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.
செயினுக்கு எண்ணெய் விடும்போது கை துடைக்காமல் சக்கரத்தைத் தொடக் கூடாது.
கழுவிய பிறகு, பூஜைக்குப் பிறகு, சும்மா நின்ற பிறகு, வீட்டு வாசலிலேயே மெதுவாக உருட்டி முன், பின் இரண்டு பிரேக்கும் பிடித்துப் பார்த்த பிறகுதான் ரோடு.

காற்றையும் லைட்டையும் வாராவாரம் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அது பாய் வேலை என்று விட்டுவிட்டேன்.

அக். 6, திங்கள். பௌர்ணமி.

ஊரெல்லாம் ஜனம். பஸ்ஸை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோ கிடைக்கவில்லை. இவருக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்தே ஜி.எச். எதிரே கிரிவலக் கூட்டம் முழுக்க ஒரு திசையில், நான் மட்டும் எதிர்த் திசையில். ஒரு அம்மா, "இப்படி வரக் கூடாதும்மா, இப்படிப் போவணும்" என்று தோளைத் திருப்பிவிடப் பார்த்தார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து பிரசவ மாதம் தவிர ஒரு பௌர்ணமி விட்டதில்லை. இன்று விட்டேன். வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை. அதே எண்ணெய்ப் பாட்டில். மூடியைத் திறந்தேன், வாசனை வந்தது, மூடிவிட்டேன்.

அண்ணாமலையாரே, உன்னிடம் சொல்லியாயிற்று, சொல்லியாயிற்று என்று நாலு நாளாக உன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம். தெரிய வேண்டியவர் பஜாரில் அடுத்தவன் வண்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆபரேஷன் நாளை. அது முடியும்வரை இவரிடம் சொல்ல முடியாது. இது உண்மையான காரணமா, சாக்கா? பாதி பாதி.

அக். 7, செவ்வாய்.

காலை தூறல். 11 மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், 1.40க்கு வெளியே. நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது.

சரசு இட்லி கொண்டுவந்தாள். சொன்னாள்: "உங்க மச்சினர் விடமாட்டேன்றாருக்கா. வியாழக்கெழம பதினோரு மணிக்குப் பாயை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாங்க. அவரு பொண்டாட்டி அழுவுதாம். கடைய மூடிட்டு வேலூர்ல பையன்கிட்ட போயிடலாம்னு சொல்றாராம்."

"பாவம்டி" என்றேன்.

"இன்னாக்கா பாவம்? மாமா கால் பாவமில்லயா?"

இட்லியை மூடி வைத்துவிட்டேன். பாவம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

அக். 8, புதன்.

வெயில். இவருக்கு ஜுரம் இல்லை, ரசம் சாதம் இரண்டு கரண்டி. பக்கத்துக் கட்டில்காரர் எக்ஸ்ரேவுக்குப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். முழுதாக. எந்தத் துணி, எந்தப் பாட்டில் என்பது வரை.

முதலில் புரியவில்லை. "பிரேக்குக்கா? எண்ணெயா?" என்றார். பிறகு சிரித்தார், வலி வந்து நிறுத்தினார்.

"யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல."

"தெரிய வேணாம்."

"பாய நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்ட்டுகிறாங்க."

"போவட்டும். என்னா பண்ணப் போறாங்க, எழுதி வாங்கிக்கினு அனுப்புவாங்க. அப்பறம் நானே சொல்லி வாபஸ் வாங்க வெக்கிறேன். பாய் பெரிய மனுஷன் மல்லிகா, தாங்கிக்குவாரு."

"தாங்குறவரு தலையில எதுவேணா ஏத்தலாமா?"

"தயாளன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? தெருவுல என்னா பேசுவாங்க தெரியுமா? பொண்டாட்டி எண்ணெ தேச்சு புருஷன் கால ஒடச்சானு சிரிப்பாங்க. நாளைக்கு பவித்ராவ பொண்ணு பாக்க வந்தா இதத்தான் முதல்ல கேப்பான்."

"சிரிக்கட்டும்."

"உனக்கு எல்லாம் சுலுவு. கால் என்னுது." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கால் அவருடையதுதான். காலில் துண்டைப் போர்த்திவிட்டு வந்தேன். பதினேழு வருஷத்தில் அவர் வேண்டாம் என்ற ஒன்றை நான் செய்ததில்லை. உப்பு கூட அவர் சொன்ன கடையில்தான்.

நான்கு மணிக்குப் பாய் கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. டீக்கடைக்காரர், "காத்தாலேர்ந்து தெறக்கலம்மா" என்றார். வீடு தெரியாது. போன் மூன்று தரம் அடித்தேன், எடுக்கவில்லை. எங்கள் வீட்டு நம்பர் என்றால் இப்போது எப்படி எடுப்பார்.

வீட்டுக்கு வந்து போனில் பாய்க்கு எழுதினேன். பவித்ரா எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள். படித்துவிட்டு ஒன்றும் திருத்தாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அனுப்பியது அப்படியே கீழே:

பாய், நான் மல்லிகா. டிஸ்க்கில் இருந்தது போர்க் எண்ணெய் இல்லை. பூஜையன்று காலையில் நான் துடைத்த நல்லெண்ணெய். பிரேக்கில் எண்ணெய் படக் கூடாது என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை நீங்கள் வாசலில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. போர்க்கில் வழிந்தது விழுந்ததில் வளைந்ததால்தான். நீங்கள் போட்ட சீலில் தப்பில்லை, உங்கள் கையிலும் தப்பில்லை. இனி யார் வண்டியையும் பிரிக்க வேண்டாம். கடையை மூட வேண்டாம். நாளை பதினோரு மணிக்கு நானும் ஸ்டேஷனுக்கு வந்து தயாளன் முன்னாலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வீட்டில் இவருக்குச் சம்மதம் இல்லை, இருந்தாலும் வருவேன். மன்னிப்பு நேரில் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் பாய். சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்.