பாக்கியம் தின்ற மன்னா

இன்று காலை கோயில் கூடத்தில் விடுமுறை வேதப் பள்ளிக்காக மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அடுப்பருகே போய் நின்றுகொண்டேன். "பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடணுமா பாட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள். "போடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியைத் தவறவிட்டாள். என் பயத்தையெல்லாம் பார்த்துச் சிரிப்பவள் நீ. இதற்கு மட்டும் சிரித்திருக்க மாட்டாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நாம் போடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறுவோம். ஏலத்தோட்டக் கூலியாட்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லப் போவோம். உன் பையில் கத்தரிக்கோல், பழைய காகிதம், பசைக் கிண்ணம். அட்டையில் நோவாவின் பேழை மடிப்பாய். தானியேலின் சிங்கங்களுக்குக் காகிதத்தைக் கீறிப் பிடரி ஒட்டுவாய். எனக்கோ ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய்த் திரும்பும். "பயந்தாங்கொள்ளி, கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணு. ரோட்ட டிரைவரு பாத்துக்கிருவாரு" என்பாய்.

மழைக்காலத்தில் கரப்பான் வந்து பேழையை அரித்துவிட்டது. அதனால் புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களைப் போல நீ பசையில் மயில்துத்தம் கலக்கத் தொடங்கினாய். அந்த நீல உப்பு விஷம் என்று இருவருக்கும் தெரியும். ஒட்டுவதற்குத்தானே என்று இருந்தோம்.

அந்த ஞாயிறு மன்னாக் கதை. காகிதத்தை ஊறவைத்து, பசை விட்டுப் பிசைந்து, கொத்தமல்லி விதை போல உருட்டித் தட்டில் காயவைத்தோம். வனாந்தரத்தில் ஜனங்கள் பசியால் முறுமுறுத்ததையும், கர்த்தர் வானத்திலிருந்து ஆகாரம் பொழிந்ததையும் நீ சொன்னாய். "எப்படி இருக்கும் டீச்சர்?" என்று பாக்கியம் கேட்டாள். ஐந்தாறு வயசுப் பிள்ளை. காய் பறிக்கும் காலம் என்பதால் அவள் தாய்க்கு ஞாயிறும் வேலை. "தேன் ஊத்துன பணியாரம் மாதிரி இருக்கும் தாயி" என்று நீ நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினாய்.

பாட்டுப் பாடி முடித்துத் திரும்பினால் தட்டில் பாதியைக் காணோம். பாக்கியத்தின் உதட்டில் நீலம் படிந்த பசை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் பிள்ளை வாந்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. நீ அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். டிரைவர் அண்ணன் ஜீப்பில் ஏற்றிய மூட்டைகளை இறக்கித் தள்ளினார். "லோடு கெடக்கட்டும், வெரசா ஏறுங்க" என்றார்.

இறக்கத்தில் நீ என் காதருகே குனிந்தாய். "ஏடி, எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைகிட்ட ஏதாவது பேசிக்கிட்டே வா." உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. என் பயத்துக்கு நீ இருந்தாய். உனக்கே பயமென்றால் நான் எங்கே போவேன்? கீழே தெரிந்த ஊர்களைக் கைகாட்டினேன். "அந்தா சிலமலை, அந்தா ராசிங்காபுரம், இந்தா வந்துட்டோம் தாயி." எது எந்த ஊர் என்று எனக்கே தெரியாது. பிள்ளைக்குக் கண் செருகியபோது என் பேச்சு நின்றுவிட்டது. நீ என் தொடையைக் கிள்ளினாய். மறுபடி சிலமலையிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். வாந்தியெடுத்ததால் பிழைத்தாள் என்றார். நமக்கு மூச்சு வந்தது. ஆனால் தாய் வரவேண்டுமே. போலீஸ் வருமோ, லயத்து ஆட்கள் திரண்டு வருவார்களோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அவள் பொழுது சாய வந்தாள். பறித்த காயின் கறை கையில் அப்படியே இருந்தது. பிள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே உன்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கோவிச்சுக்கிறாதீக டீச்சரம்மா. காலையில கஞ்சி வைக்கல. பசியில உங்க சாமானத் தின்னுபுடுச்சு. அதுக்காகக் கதை சொல்றத நிப்பாட்டிறாதீக."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

அடுத்த ஞாயிறு உன் பையில் ஒரு தூக்குவாளி ஏறியது. அவித்த மொச்சையைப் பிள்ளைகள் தின்று முடிக்கும்வரை நீ கத்தரிக்கோலைத் தொடமாட்டாய். வாளி காலியானால்தான் கதை.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். போலீசுக்குப் பயந்த பயம் அன்றே போயிற்று. பாக்கியத்தின் தாய் நம்மிடம் மன்னிப்புக் கேட்டாளே, அந்தப் பயம் மட்டும் என்னை விடவில்லை. இன்றும் கதை கேட்க வரும் பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "ஆச்சு பாட்டி" என்கிறார்கள். நான் நம்புவதில்லை. உதட்டைப் பார்க்கிறேன்.