நிறைகுடத்துக்கு விட்ட இடம்

09.09.2022, வெள்ளி

நேற்று மணவறைக்கு முன்னால படத்துக்கு நிண்ட ஆக்கள்: மகள் கலாஜினி, மருமகன் சதீசன், அவர்ட தாய் தகப்பன், தங்கச்சி, இவர், நான், என்ட தம்பி குடும்பம் நாலு பேர், ஐயர். பன்னிரண்டு பேர். என்ட மனிசன்ட அக்கா தெய்வமணி மச்சாள் நிக்கல்ல. தன்ட மனிசன் செத்த நாளிலிருந்து அவ கலியாணப் படங்களில நிக்கிறதில்ல, தானாவே சமையல் பக்கம் போயிருவா. நானும் கூப்பிடல்ல.

ஆனா பந்தி முடிய ஒண்டு நடந்தது. மச்சாள்ட மகன் நிலோஜன் அவவக் கையில பிடிச்சு, அடுப்படிப் பந்தலுக்குள்ள இருந்து இழுத்துக்கொண்டு வாறான். “அம்மா, ஒருக்கா நில்லுங்க. பாறூக் நானா, என்ட போனை உரம் வாங்க வித்துப்போட்டன், இல்லாட்டி நானே எடுத்திருவன். நீங்க ஒண்டு தட்டுங்க!”

“விடுறா எருமை, சீலையெல்லாம் கரி” எண்டு மச்சாள் திமிறுறா. சனம் சிரிச்சுது. கலியாணப் படம் எடுக்க வந்த பாறூக் தம்பி தட்டினார்.

அம்மாளாச்சி புண்ணியத்தில, இந்த விலைவாசியிலயும் ஆருட்டயும் கை நீட்டாமக் கலியாணம் ஒப்பேறிற்று.

24.09.2022, சனி

பாறூக் தம்பி காத்தான்குடியில இருந்து சைக்கிளில வந்தார். பெற்றோல் கோட்டா முடிஞ்சுதாம். முந்தியெண்டா படங்களைத் தனித்தனியாக் கழுவிக் கொண்டந்து காட்டுவார். இப்ப கடதாசி விக்கிற விலையில எல்லாத்தையும் முத்திரை அளவில ஒரே தாளில அடிச்சுக் கொண்டந்திருக்கிறார்.

“இதில இருவத்தஞ்சு எடுங்க அக்கா. பேசின காசுக்கு அல்பம் அவ்வளவுதான். வேணாததுக்குக் கோடு போட்டுத் தாங்க.”

சிவப்புப் பேனையோட இருந்தன். இருவத்துநாலு சரி. கடைசி இடத்துக்கு ரெண்டு படம் மிச்சம். ஒண்டு வாசலில வைச்ச நிறைகுடமும் குத்துவிளக்கும். மற்றது நிலோஜனும் மச்சாளும்.

நிறைகுடத்தை வைச்சன். மற்றதுக்குக் கோடு.

ஒரு படம் கூட்டினா அதுக்கும் காசு. செலவுக்காகத்தான்.

13.10.2022, வியாழன்

அல்பம் வந்தது. மச்சாள் அக்கரையில இருந்து, அம்பிளாந்துறையால பாதைத் தோணியில ஏறி வாவி கடந்து பாக்க வந்தா. ரெண்டு தரம் பிரட்டினா. மறுகாலும் முதலில இருந்து ஒருக்கா. “நல்லா வந்திருக்கு மங்கை” எண்டா. தேத்தண்ணி குடிக்காமப் போயிற்றா.

21.11.2022, திங்கள்

நேற்றுப் பின்னேரம் வயல் வட்டைக்குள்ள மின்னல் அடிச்சு நிலோஜன் போயிற்றான். வரம்பு கட்டிக்கொண்டு நிண்டவன். இருவத்திநாலு வயசு.

அம்மாளே, என்னத்த எழுத.

05.12.2022, திங்கள்

முப்பத்தோராம் நாளுக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேணும். அடையாள அட்டைப் படத்தைப் பெருசாக்கிக் கொண்டந்திருந்தாங்க. மச்சாள் பாத்திற்றுக் கவுத்து வைச்சா. “இது ஆர்கா? என்ட புள்ள இப்பிடி வாயை மூடிக்கொண்டு ஒரு நாளும் இருந்ததில்ல.”

பேஸ்புக்கில தேடினாங்க. மோட்டார்சைக்கிள் படமும் முருகன் படமும்தான் போட்டு வைச்சிருக்கிறான்.

நான் வெளிக்கிடக்குள்ள மச்சாள் என்ட கையைப் பிடிச்சா. “மங்கை, கலியாணத்தில எங்கள ஒரு படம் எடுத்ததெல்லோ? அல்பத்தில காணல்ல. அத மட்டும் வாங்கித் தா. நானும் அவனுமா நிண்டது அது ஒண்டுதான்.”

அப்ப அவ தேடித்தான் மூண்டு தரம் பிரட்டியிருக்கிறா.

“கேட்டுப் பாக்கிறன் மச்சாள்” எண்டன். வாய் கூசாமச் சொன்னன்.

07.12.2022, புதன்

பாறூக் தம்பிக்கு போன் எடுத்தன்.

“அக்கா, நீங்கதானே கோடு போட்டுத் தந்தீங்க. முந்தியெண்டா எல்லாத்தையும் வைச்சிருப்பன். படங்கள் போட்டு வைக்கிற கம்பியூட்டர்ப் பெட்டி பழுதாப் போச்சு, புதுசு வாங்க வழியில்ல. வேணாமெண்டு கோடு விழுந்ததெல்லாம் அழிச்சிட்டுத்தான் அடுத்த கலியாணத்துக்குப் போனன்.”

அவரில பிழை இல்ல. மறுகாச் சொன்னார்: “அல்பத்தோட நான் திருப்பித் தந்த அந்தத் தாள் இருந்தாக் கொண்டாங்க. பெருசாக்கிப் பாப்பம். மங்கலாத்தான் வரும். கோட்டையும் கம்பியூட்டரில எடுத்திரலாம். ஆருக்கும் தெரியா.”

09.12.2022, வெள்ளி

தாள் இருக்கு. கலியாணத்துக்கு வாங்கின பற்றுச்சீட்டெல்லாம் குத்தி வைச்ச கம்பியில அதுவும் இருக்கு. எறியிற பழக்கம் எனக்கில்ல.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தன். என்ட பெருவிரல் நகமளவு. அவன் வாயைப் பிளந்து சிரிக்கிறான். மச்சாள் ஒரு கையால சீலைத் தலைப்பை மறைக்கிறா, மற்றக் கை அவன்ட தோளில. அவவும் சிரிக்கிறா. மனிசன் செத்த பிறகு அவ சிரிச்சு நான் கண்டதே இல்ல.

கோடு அவன்ட நெத்தியில தொடங்கி அவட வாயில முடியுது. ஒருக்காக் கீறினாப் போதாதெண்டு ரெண்டு தரம் கீறியிருக்கிறன். ஏன் ரெண்டு தரம்?

செப்டெம்பர் 24ஆம் திகதி எழுதினதை வாசிச்சன். “செலவுக்காகத்தான்.” பொய். அண்டைக்கு அந்தக் காசு எனக்கிட்ட இருந்தது. தாலி இழந்தவ மகள்ட அல்பத்தில இருந்தாக் கூடாதெண்டு நினைச்சன். காசு தட்டுப்பாடெண்டு சொன்னா இந்தக் காலத்தில ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்க. எனக்கு நானே கூடக் கேக்கல்ல.

10.12.2022, சனி

இவரிட்டச் சொன்னன். நெடுநேரம் தாளைப் பாத்துக்கொண்டிருந்தார். அக்காட மகனெல்லோ.

“கோட்டை எடுப்பிச்சிற்றுக் குடு. அவ பாதி செத்துக் கிடக்கிறா, இதையும் ஏன் காட்டுற?”

சரிதான். அவவ நோகப் பண்ணாமத் தப்பலாம். நானும் தப்பலாம். ரெண்டில எதுக்காக எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவு இனிச்சது?

11.12.2022, ஞாயிறு

கோயிலுக்குப் போனன். நிறைகுடத்தைப் பாக்க ஏலாமத் திரும்பி வந்திற்றன்.

12.12.2022, திங்கள்

காலையில நேர போய்ச் சொல்லத்தான் வெளிக்கிட்டன். துறையில பாதை வந்து கட்டினது, ஆக்கள் ஏறினாங்க, நான் ஏறல்ல. என்ட துணிவு அவ்வளவுதான். இவர் பின்னேரம் போனார். தாளை வெட்டாம, அழிக்காம, அப்பிடியே அவர்ட கையில குடுத்து விட்டன். கூட வைச்ச துண்டில எழுதினது இது. நாளைக்கு நான் மாத்திச் சொல்லாம இருக்க இதிலயும் பதியிறன்:

“மச்சாள், நீங்க கேட்ட படம் இதில இருக்கு. கடைசி வரிசையில, நிறைகுடத்துக்குப் பக்கத்தில. பெரிய படத்தை அழிச்சாச்சு, இது மட்டும்தான் மிச்சம். சிவப்புக் கோடு நான் போட்டது. காசில்லாம இல்ல. நீங்க அல்பத்தில இருக்கக் கூடாதெண்டுதான் போட்டன். பாறூக் தம்பி இதைப் பெருசாக்கித் தருவார், கோட்டையும் எடுப்பார். முப்பத்தோராம் நாளைக்கு வைக்கிறதெண்டா வியாழனுக்கு முந்தி அவரிட்டக் குடுக்கவேணும். கோட்டை எடுக்கச் சொல்லவா, விடவா? அண்டைக்கு நான் வரலாமா, கூடாதா? எதெண்டாலும் கெதியாச் சொல்லி விடுங்க.”