இரவுமல்லிக்குத் தண்ணீர் வேண்டாம்

தம்பி,

எனக்கு மதிய ஷிப்ட், வர பத்தாகிவிடும். அப்பாவுக்குக் கஞ்சியை ஆறவைத்துக் கொடு. முதுகுப் புண்ணுக்குக் காலையிலேயே கட்டு மாற்றிவிட்டேன், நீ பிரிக்காதே. போகும்போது சாவியை மீட்டர் பெட்டிமேல் வை.

ஜன்னலோர இரவுமல்லிக்குத் தண்ணீர் ஊற்றித் தொலைக்காதே. போன தடவை பாசம் பொங்கி இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் போனாய். அதைக் காயப்போட்டால்தான் பூக்கும். ஒன்றரை மாதமாக வெறும் இலைதான். அத்தனை நாளும் அப்பாவும் யாரையும் பார்க்கவில்லை. "பூ வரட்டும்மா. இந்த நாத்தத்துல யாரையும் உள்ள விடாதே" என்றார். நேற்றுதான் பூத்தது. அவருடைய கூட்டாளி, அந்த லாரி டிரைவர், இன்று இருட்டியதும் வருகிறார். ஜன்னலைத் திறந்து வை.

போன தடவை வந்த அன்று நீ அறை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய். அப்பா பார்த்துவிட்டார்.

அக்கா

எழுத மறந்துவிட்டேன். பூ மணக்கிறதா என்று உன்னைக் கேட்பார். அவர் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய் மூன்று மாதமாகிறது. நம் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.