பேச்சியக்கா சுவர்

பிப். 8, சனி

லேசான குளிர். ஏழு மணியாகியும் புகைமூட்டம், வெளிச்சம் போதவில்லை. ஆபீஸ் லீவு. கேமராவோடு கிளம்பியாச்சு.

எங்கள் லேபர் கேம்ப்பில் பில்டர் இடிக்கப் போகிற வரிசையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். இன்று: பொதுக்குழாய், முனிசிபல் ஸ்கூல் கேட், அதன் மேல் யாரோ வரைந்த மயில் (வால் பாதி உரிந்துவிட்டது). குழாயடியில் ஒரு அம்மா, "பில்டர் ஆளா நீ?" இல்லை என்றேன். "அப்பச் சரி, எடு."

பேச்சியக்கா சுவரை நல்ல வெளிச்சத்தில் இன்னும் எடுக்கவில்லை. சில வருஷம் முன்னால் எங்கிருந்தோ ஓவியர்கள் வந்து, சந்து முனையில் இட்லி விற்கும் பே.அக்காவின் முகத்தை அவள் குடியிருக்கிற சால் கட்டடத்தின் பக்கச் சுவரிலேயே இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்துவிட்டுப் போனார்கள். பெரிய சிவப்புப் பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம், வாய்கொள்ளாச் சிரிப்பு. இப்போது ஆட்டோக்காரனிடம் "இட்லிவாலி தீவார்" (இட்லிக்காரி சுவர்) என்றால்தான் வழி தெரிகிறது.

ஆனால் இன்றைக்கு அவள் வாசலில் செருப்புக் கூட்டம். புருஷன் சுடலைமுத்து அண்ணன் போய்ப் பத்து நாள்தான். கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ராகுல் இந்த நோட்டைப் புரட்டி, "என்னம்மா எழுதிருக்க?" தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. ஒரு விதத்தில் வசதி.

பிப். 9, ஞாயிறு

துணி, மாவு, கேஸ்காரன். பத்து மணிக்கு வெளியே வந்தால் சுவரில் ஏணி! மேலே ஒரு பெயிண்டர், கையில் வெள்ளை பெயிண்ட் டப்பா. கீழே மாரியப்பன், சுடலைமுத்து அண்ணனின் தம்பி. உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருப்பவர்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பொட்டையும் பூவையும் மட்டும் அழிக்கச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழம பதினாறாம் நாள் காரியம். ஊர்லயிருந்து பெரியப்பா வாறாவ. மைனி ரெண்டு மாடி உசரத்துக்குப் பொட்டும் பூவுமா நின்னா? எங்கண்ணன் செத்ததுக்குச் சிரிக்கான்னு சொல்ல மாட்டாவளா?"

எப்படியும் அடுத்த மாதம் இடிக்கத்தானே போகிறார்கள் என்றேன்.

"அடுத்த மாசம் பெரியப்பா ஊருக்குப் போயிருவாவ."

"நான் ஒரு போட்டோ எடுத்துக்கறேன், அப்புறம் அழிங்க" என்றேன். சொன்ன உடனே வாயைக் கடித்துக்கொண்டேன். எனக்கு என் படம்தான் பெரிதாகப் போய்விட்டது. அழிக்கவா வேண்டாமா என்று மேலிருந்து பெயிண்டர் அவசரப்படுத்தினான், "கர்னா க்யா? ஜல்தி போலோ!"

அப்போது பே.அக்கா வெளியே வந்தாள். இந்தப் பத்து நாளில் முதல் தடவை. கலைந்த தலை, வெறுங்கால். சத்தமே போடவில்லை.

"வெள்ளிக்கிழம எனக்கு அழிக்கப் போறிய. அழிங்க. செவத்துக்கு எவன் தாலி கட்டுனான், மாரியப்பா?"

மாரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே பெயிண்டரை இறங்கச் சொன்னார்.

நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பிப். 14, வெள்ளி

அரை நாள் லீவு. வாஷி ஆபீஸிலிருந்து வந்து சேர்வதற்குள் ஒன்றரை. சடங்கு முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா எண்பதைத் தாண்டிய மனிதர். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தவர், சுவரைப் பார்த்துவிட்டார். மாரியப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம பேச்சியாடே இது?"

"ஆமா பெரியப்பா."

"மூக்கு சரியில்லயே. இவளுக்கு இவ்வளவு நீட்டு மூக்கா?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. உள்ளே பந்தி வரைக்கும் சிரிப்பு. பே.அக்காவும்தான், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாகி.

எல்லாரும் போனபின் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, கேமரா இருக்கா? என்னையும் சேத்து எடு." சுவருக்குக் கீழே போய் நின்றாள். நெற்றியில் விபூதி மட்டும். சிரிக்கச் சொல்லவில்லை நான். அவளாகவும் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். நல்ல மாலை வெயில்.

மார்ச் 5, புதன்

இடித்தாச்சு. நான் ஆபீஸில் இருந்தேன், பார்க்கவில்லை. ஜேசிபி காலையிலேயே வந்துவிட்டதாம். வரும்போது கல் குவியல், தூசி, நாய் ஒன்று.

பே.அக்கா செம்பூரில் வாடகைக்கு ஒரு அறை பார்த்துப் போய்விட்டாள். அங்கேயும் இட்லிதான்.

மறைத்துக்கொண்டிருந்த கட்டடம் போனதால் எங்கள் அடுப்படிக்குள் சாயங்கால வெயில் விழுகிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அதிலேயே நின்று வெங்காயம் நறுக்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெக்கை ஆரம்பித்துவிட்டது. ஃபேனில் சத்தம், ஆள் கூப்பிட வேண்டும்.

மதியம் மாரியப்பன் போன். என் நம்பரை மைனியிடம் வாங்கினாராம். சுவரை அழிக்க வந்ததைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அதில்லை.

"எக்கா, நீங்க எடுத்த போட்டோ எதுலயாவது எங்கண்ணன் விழுந்திருக்கானா? வீட்ல மாட்டியிருக்கது ஆதார் கார்டு மொகம். பாத்தா அவன் மாதிரியே இல்ல."

பார்க்கிறேன் என்றேன். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். நான் எடுத்ததெல்லாம் சுவர், கேட், படிக்கட்டு. ஆள் வந்தால் நகரும்வரை காத்திருந்து எடுப்பது என் வழக்கம். கடைசியில் ஒன்று கிடைத்தது. தீபாவளி சமயத்தில் எடுத்தது. மூலையில் கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் குனிந்து இட்லிக் கொப்பரை கழுவுகிறார். முகம் இல்லை, முதுகு மட்டும்.

அவர்தானா என்று சந்தேகமாக இருக்கிறது என்று எழுதி, படத்தைப் போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. பாத்திரம் தேய்த்து முடித்துக் கை துடைக்கும்போது பதில் வந்தது.

"அண்ணன்தான்."