அக்காவின் நிறம்

என் உயிருக்கு உயிரான சரோஜா அக்காவுக்கு,

எவரும் நம்பப்போகாத ஒரு கதையை, சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறேன். போன மாதம் ஒரு நடுப்பகலில், செத்துப்போன நீ நம் ஸ்ரீராம்புரம் வீட்டுச் சமையலறைக்கு வந்திருந்தாய்.

கறுக், முறுக்கென்று வேகாத அரிசியை மெல்லும் சத்தம். உன் சத்தம் எனக்குத் தெரியாதா? அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று அம்மா திட்டத் திட்டத் தின்றவள் நீ. உன் கல்யாண மழையில் அல்சூர் ஏரியே கிளம்பி வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனதே! லால்பாகில் மூன்று புலிகளை முறைத்தே விரட்டிய உன் தம்பி நான், போன மாதம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

நீ இல்லை. உன் மகள் கவிதா. நீ போனபோது நடை பழகிக்கொண்டிருந்தவள், என் வீட்டில் வளர்ந்து இப்போது பத்தாவது படிக்கிறாள். வாயில் அரிசி, முகத்தில் உன் கடைசி மாதத்து வெளுப்பு. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

கீழ்வீட்டு ராஜம்மா மட்டும் அவள் கன்னத்தைக் கிள்ளுகிறாள். "ஏனம்மா, என்னா கலரு வந்துடுச்சு! அப்படியே உங்கம்மா!"

உன்னிடமும் இதைத்தானே அக்கா சொன்னார்கள்? நீ வெளுத்துப்போனதை, கலர் கூடிவிட்டது என்று தெருவே கொண்டாடியது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் போனபோது, உடம்பில் ஏற்கெனவே ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

கவிதாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். கீழிமையை விலக்கிப் பார்த்து, ரத்தம் சோதித்து, ரத்தசோகை, அரிசி தின்னும் ஆசையும் அதனால்தான் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டபின் எலுமிச்சம்பழத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபி, டீ பக்கத்திலேயே வரக்கூடாது. சில நாள் கழித்து, மாத்திரை அட்டை அவள் தலையணைக்கடியில் கிடந்தது.

"ஏண்டி கழுதை?"

"வெளிக்குக் கறுப்பாப் போகுது மாமா. தோலும் கறுத்துடும்னு ராஜம்மா ஆன்ட்டி சொல்றாங்க."

"அது உடம்புல சேர்ந்தது போக மிச்ச மாத்திரைடி. தோலுக்கெல்லாம் ஏறாது. ஒழுங்கா முழுங்கினா எஸ்வந்த்பூர் தண்டவாளத்தையே முறுக்கி ஜடை போடுவே!"

அவள் சிரிக்கவில்லை. "இப்பத்தான் எல்லாரும் அம்மா மாதிரி இருக்கேங்கிறாங்க. அது போயிடுமில்ல?"

அக்கா, எனக்கு அளப்பு வரவில்லை. ஆயுளில் முதல் தடவை.

"அது உங்கம்மா கலர் இல்ல கண்ணு. அவளைக் கொண்டுபோன சீக்கு. உங்கம்மா கறுப்பு."

"போட்டோல வெள்ளையா இருக்காங்களே?"

"ஸ்டுடியோக்காரன் அப்பின பவுடரு."

தன் கையை என் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "உங்க கலரா?"

"என்னைவிட ஒரு பூச்சு கூட."

"புளுகாதீங்க மாமா."

ஆனாலும் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தண்ணி குடுங்க" என்றாள்.

இப்போதும் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்கிறது. சில மதியங்களில் எட்டிப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை. நீ ஏன் அக்கா இன்னும் மென்றுகொண்டிருக்கிறாய்?

டாக்டர் போதும் என்று சொல்லும்வரை, மாத்திரை அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்க்காமல் நான் வாசலைத் தாண்டமாட்டேன். புலியும் ஏரியும் தண்டவாளமும் என் வழக்கமான புளுகுதான். நீ கறுப்பு என்று உன் மகளிடம் சொன்னது மட்டும் நிஜம்.

உன் தம்பி,
கவிதாவின் தாய்மாமன்