கழுவிய தொப்பி

லாமு
ஷஃபான் பிறை 3

கடல் கடந்து உழைக்கும் என் கணவர் அத்மான் அவர்களுக்கு, வீட்டிலிருந்து ஹவா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ் கிருபையால் நானும் ருக்கியாவும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட் துறைமுகத்து வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் போன சனிக்கிழமை அங்கிருந்து வந்த ஸுபைர் கையில் வந்து சேர்ந்தது. நோன்புக்கு முன்னால் ருக்கியாவை மொம்பாசாவுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறீர்கள். "ஷூமி தைத்து வைத்திருந்த தொப்பியை நீ கழுவிவிட்டாயாம். தாயில்லாப் பிள்ளை அழுதுகொண்டு கிடக்கிற வீடாக என் வீடு இருக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நாலு தடவை படித்தேன். அதில் பொய் இல்லை. கழுவினேன், பிள்ளை அழுதாள். ஆனால் உங்களுக்கு எழுதிய அக்காவுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். முழுக்கப் படித்துவிட்டு நீங்கள் என்ன முடிவு சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

ஜமாதுல் ஆகிர் மாதம் மழை விட்ட பிறகு, பெட்டியில் இருந்த துணிகளை வெயிலில் போட எடுத்தேன். ருக்கியாவைப் பெற்ற ஷூமியின் பெட்டியையும் திறந்தேன். கூடாது என்று யாரும் சொன்னதில்லை, சரி என்றும் யாரும் சொன்னதில்லை. அடியில் ஒரு துணிச்சுருளில் அந்தத் தொப்பி இருந்தது. மேல் வட்டம் முழுக்கத் தைத்து முடிந்திருந்தது. சுற்றுப்பட்டையில் பாதி முடிந்து, மீதிப் பாதியில் நீலக் கோடுகள் மட்டும் இருந்தன. நான் தானா ஆற்றங்கரையில் நெல்வயலில் வளர்ந்தவள். தொப்பியைத் தலையில் பார்த்திருக்கிறேனே தவிர, மடியில் பார்த்ததில்லை. ஒரு மிளகை விடச் சின்னதாய் எத்தனை துளைக்கண்கள்! ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் நூல் இழை இழையாக உட்கார்ந்திருந்தது. அந்த மனுஷி எத்தனை மாதம் குனிந்திருப்பாள் என்று நினைத்தேன். உங்கள் தலைக்கென்று தொடங்கியது. நான் முடித்து, பெருநாளைக்கு உங்களுக்கு அனுப்பினால் என்ன என்று அப்போது தோன்றிவிட்டது.

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவளுக்கு இந்த ஆசை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். துணி இரண்டு வருஷத்துப் பழுப்பேறிக் கிடந்தது. அழுக்குத் துணியில் தைப்பதா என்று, தைக்கத் தொடங்கும் முன்பே நல்ல சோப்புப் போட்டுக் கசக்கி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொடியில் காயப்போட்டேன். மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

மற்ற பெண்கள் பென்சிலில் வரைவார்களாம். ஷூமி மட்டும் சலவை நீலத்தைக் கரைத்து, தென்னை ஈர்க்கைச் சீவி அதில் தோய்த்து வரைவாளாம். தைத்து முடித்து ஒரு தடவை அலசினால் கோட்டின் சுவடே இருக்காது என்று. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கோடெல்லாம் சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது. மத்ரஸாவிலிருந்து வந்த ருக்கியா பையைக்கூட இறக்கவில்லை. கொடிக்கு முன்னால் நின்றாள். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அது எங்க உம்மா கையி. கையைக் கழுவி ஊத்திட்டீங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு சத்தம் வந்தது, அதை எழுத என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள். கூப்பிட்டால் வந்தாள். பேச்சு மட்டும் இல்லை. நான் தேங்காய்ப்பால் சோறும் மீனும் ஆக்கிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டே அவள் காதுபட அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிடிவாதத்தில் அவள் உங்கள் மகள்தான், சந்தேகமே வேண்டாம்.

மூன்றாம் நாளே நான் பக்கத்து வீட்டு ஸெனா லாத்தாவிடம் போய், தையல் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்துவிட்டேன். இப்போது அவளோடு எனக்குப் பேச்சு இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மண்வெட்டி பிடிச்ச கை ஹவா. நீ கண்ணு போட்டா அதுல எலி பூந்து வெளிய வரும்" என்றாள். அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஊசியைக் கொடு என்றேன். மாவுச் சாக்கின் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டுத் தந்தாள். ஊசியால் துளைத்து, துளையின் விளிம்பைச் சுற்றி நூலை நெருக்கமாய்ச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். கண் திறந்தே நிற்க வேண்டும். அவ்வளவுதான். நான் போட்ட கண்கள் ஒன்று மூடிக்கொண்டன, இல்லையென்றால் கிழிந்து வாய் பிளந்தன. நெல் நடுகிறபோது என் வரிசை கோணியதாக ஒருத்தர் சொன்னதில்லை. இங்கே ஒரு சாண் துணியில் என் வரிசை ஆடு போன வழி மாதிரி போனது. விரல் நுனியெல்லாம் ரத்தம். ஓதுவதற்குக் குர்ஆனைத் தொடக்கூட கூச்சமாக இருந்தது.

ஆனாலும் விடவில்லை. வேலை முடிந்ததும் வாசற்பக்கம் பாயைப் போட்டு உட்கார்வேன். ருக்கியா உள்ளே இருந்து பார்க்கிறாள் என்பது தெரியும். பார்க்காத மாதிரி இருந்தேன். பன்னிரண்டாம் நாள் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இழுக்காதீங்க. இப்படி இழுத்தா கண்ணுக்கு மூச்சு முட்டும்." திரும்பினால் போய்விடுவாளோ என்று பயந்து, திரும்பாமலே, பின்ன எப்படி என்று கேட்டேன். அவள் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்து துணியை வாங்கி ஒரு கண் போட்டாள். போட்டதும் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சம் பார்த்தாள். "இது வழியா வானம் தெரியணும். உம்மா எனக்கு அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். நான் இந்த வீட்டுக்கு வந்த ஒரு வருஷத்தில், உம்மா சொன்னதாக அவள் ஒன்றைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்கும் அந்தப் பாய்க்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் இவ்வளவு கண்டிப்பு ஆகாது. நூறு கண் சரியாக வந்தால்தான் தொப்பியைத் தொட விடுவேன் என்றாள். எழுபதைத் தாண்டினேன், ஒன்று கோணியது. பிளேடை எடுத்து அந்த வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு, "முதல்லேர்ந்து" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். பழகுகிற வரைக்கும் அது கைக்கு வருகிற நோவு என்று யாரும் சொல்வதில்லை.

ரஜப் முதல் பிறையன்று நூறும் வந்தது. எண்ணிப் பார்த்தாள். போய், சலவை நீலக் கட்டியை ஒரு சிரட்டையில் கரைத்துக் கொண்டுவந்தாள். தைத்திருந்த பாதியைப் பார்த்து, அழிந்த பாதியை அவளே வரையத் தொடங்கினாள். நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷூமியின் கோடு எப்படி இருந்தது என்று அவளுக்கு ஒவ்வொரு வளைவும் நினைவிருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஈர்க்கு நின்றுவிட்டது. "இங்க உம்மா என்னமோ போட்டிருந்தாங்க. மறந்துபோச்சு" என்றாள். நான் அழித்தது அதைத்தானே. என்னை மன்னித்துவிடு என்று அவளிடம் அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன். அதுவரை தெரியாமல் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, அடுத்த வளைவை வரைந்தாள். அந்த இடம் இப்போதும் வெறும் துணிதான். நீங்கள் தொப்பியைக் கையில் வாங்கும்போது ஏன் இங்கே விட்டுப்போயிற்று என்று கேட்க வேண்டாம்.

இப்போது மூன்று நாளைக்கு ஒரு விரல்கடை தைக்கிறோம். துளையும் நெருக்கமான இடமும் அவள், நேரான வரிசை நான். ஷூமியின் தையல் எங்கே முடிகிறது, என் தையல் எங்கே தொடங்குகிறது என்று பள்ளிவாசல் மோதினாருக்குக்கூட, அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதே, விரல் வைத்தால் தெரிந்துவிடும். நான் மறைக்கப் பார்க்கவில்லை. ஷூமியுடையதைப் போல என்னுடையது வராது. ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும்.

வீட்டுச் சங்கதி. மாடியில் ஒழுகிய மூலையில் சுண்ணாம்பு போட்டாயிற்று. உங்கள் சித்தப்பாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது, பள்ளிவாசலுக்கு நடந்தே போகிறார். கழுதை குட்டி போட்டிருக்கிறது. ருக்கியா மத்ரஸாவில் யாஸீன் மனப்பாடம் முடித்துவிட்டாள், உஸ்தாத் வீடு தேடி வந்து சொன்னார்.

ஸெனா லாத்தா விஷயம். அவள் தம்பி மொம்பாசாவில் உங்கள் அக்கா தெருவில்தான் இருக்கிறான். நம் வீட்டுக் கதை அக்காவுக்கு வேறு எப்படிப் போயிருக்கும்? எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வாயாலேயே ஊதியிருக்கிறாள். உங்கள் கடிதம் வந்த அன்றே அவள் முறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி வந்துவிட்டேன். "என்னாச்சு உனக்கு, பேய் புடிச்சுதா" என்று பின்னாலேயே கேட்டாள்.

இனி உங்கள் முடிவு. ருக்கியாவை நான் பெறவில்லை. அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், ஒரு உரிமையும் இல்லை. மொம்பாசாவில் நல்ல பள்ளிக்கூடம், அவள் வயதுப் பிள்ளைகள், ரத்த உறவு எல்லாம் இருக்கிறது. அனுப்பத்தான் வேண்டும் என்று நீங்கள் எழுதினால், அக்கரை மொகோவே துறையில் பஸ்ஸில் தனியாக ஏற்றிவிட மாட்டேன். நானே கூடப் போய், அக்கா கையில் ஒப்படைத்துவிட்டு, நடந்ததையும் என் வாயாலேயே சொல்லிவிட்டு வருவேன். ஆனால் அனுப்பாதீர்கள். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

அவளுக்கு விருப்பம் எது என்று அவளிடம் கேட்டாயா என்பீர்கள். கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அவள் தலையைக் குனிந்துகொண்டு தைத்தாள், நானும் தைத்தேன்.

தாளில் கொஞ்சம் இடம் மீதி இருக்கிறது. வாப்பாவுக்கு நீயும் எழுது என்று அவளிடம் கொடுக்கிறேன். அவள் எழுதுவதை நான் படிக்க மாட்டேன், அவள் கையாலேயே உறையை ஒட்டச் சொல்லிவிட்டேன். போகிறேன் என்று எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தும், சரியானதை முடிவு செய்கிற மனசும் தரட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஹவா

அன்புள்ள வாப்பாவுக்கு ருக்கியா ஸலாம். நான் நல்லா இருக்கேன். இவங்க தாளைக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. எட்டிக்கூடப் பாக்கல.

மொம்பாசா மாமிக்கு எழுதினது ஸெனா லாத்தா இல்ல வாப்பா. நான்தான். தொப்பியைக் கழுவின அன்னிக்கே எழுதி, அப்ப இங்க வந்திருந்த ஸெனா லாத்தா தம்பிகிட்ட குடுத்து விட்டேன். என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போங்க மாமின்னு எழுதினேன். இப்ப அதை எப்படி இல்லேங்கிறதுன்னு தெரியல. மாமிகிட்ட நீங்களே சொல்லிருங்க. மாமி கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல.

இவங்ககிட்ட நீங்க சொல்லிராதீங்க. அதை நான்தான் சொல்லணும். நோன்புக்கு முன்னாடி சொல்லிருவேன்.

என்னை அனுப்பச் சொல்லாதீங்க வாப்பா. நான் போயிட்டா இந்த வீட்டுல இவங்க ஒத்தையா இருப்பாங்க.

வஸ்ஸலாம்.